தந்தி நின்றது, டிட்-டா நிற்கவில்லை

"தந்தி வந்திருக்கு!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டால் போதும். உறையைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் ஒரு பங்கு கூடுதல். கடிதம் என்றால் சாவகாசமாக வரும். தந்தி என்றால் அவசரம். அவசரம் என்றால் பெரும்பாலும் கெட்ட செய்தி. அந்தத் தந்தி சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி இரவோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

தந்தியின் மூல பாஷையான மோர்ஸ் அதற்கு வெகுகாலம் முன்பே தந்தி ஆபீசுகளை விட்டு வெளியேறிவிட்டது. டெலிபிரிண்டர் அதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. 'கட கட' என்று விழும் சத்தத்தைக் காதில் வாங்கி, கை அப்படியே இங்கிலீஷ் எழுத்துகளாக எழுதிக்கொண்டு போகும் தந்தி குமாஸ்தாக்களின் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. 1999 பிப்ரவரியில் கப்பல்களுக்கும் மோர்ஸ் அபாய அழைப்பு கட்டாயம் இல்லாமல் போயிற்று. லைசென்ஸ் பரீட்சையில் மோர்ஸ் வைப்பதா, வேண்டாமா என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று 2003-இல் சர்வதேச மாநாடு ஒன்றும் விட்டுக்கொடுத்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு நவம்பர் மாதமும் கடைசி முழுச் சனி, ஞாயிறில் சிற்றலை வானொலியைத் திருப்புகிறவர்கள் திகைத்துப் போவார்கள். அலைவரிசை முழுவதும் டிட்-டா, டிட்-டா என்று ஒரே இரைச்சல், சந்தைக்கடை தோற்றது. உலகத்தின் நாலா மூலைகளிலும் ஆயிரக்கணக்கான அமெச்சூர் வானொலிக்காரர்கள் - 'ஹாம்' என்று அழைக்கப்படுகிறவர்கள் - அந்த இரண்டு நாட்களும் ஒருவரை ஒருவர் மோர்ஸில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். 'சி.க்யூ. வேர்ல்டு வைடு' என்பது அந்தப் போட்டியின் பெயர். 1948-இல் தொடங்கியது. வேறு பல மோர்ஸ் போட்டிகளும் உண்டு என்றாலும் பெரியது இதுதான்.

48 மணி நேரப் பேரேடு

உலகப் பொது நேரப்படி சனிக்கிழமை பிறக்கும்போது நமக்குக் காலை மணி 5-30. அப்போது ஆரம்பம். முடிவது திங்கட்கிழமை காலை 5-29-க்கு. முடிந்த கையோடு குளித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியதுதான். முன்யோசனைக்காரர்கள் திங்களன்று கேஷுவல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டே உட்காருகிறார்கள்.

விளையாட்டின் விதி எளிது. 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் என்று ஆறு அலைவரிசைகள். உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியா 22-ஆவது மண்டலம். இலங்கை, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மாலத்தீவு எல்லாம் இதே மண்டலத்தில் அடங்கும். இரண்டு நிலையங்கள் சந்திக்கும்போது ஒருவர் அழைப்புக்குறியை மற்றவர் சரியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு சத்தம் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பெண், தம் மண்டல எண், இவை இரண்டும் கைமாற வேண்டும். அவ்வளவுதான். வேறு கண்டத்துக்காரரைப் பிடித்தால் 3 புள்ளிகள். ஆசியாவிலேயே வேறு நாட்டுக்காரர் என்றால் 1. சொந்த நாட்டுக்காரர் என்றால் புள்ளி இல்லை. ஒவ்வோர் அலைவரிசையிலும் பிடித்த நாடுகளின் எண்ணிக்கையையும் மண்டலங்களின் எண்ணிக்கையையும் கூட்டி, அந்தத் தொகையால் மொத்தப் புள்ளிகளைப் பெருக்குவார்கள்.

இந்தப் போட்டிக்கு மைதானம் கிடையாது. விசில் ஊதும் ஆளும் கிடையாது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் உட்கார்ந்து, தாமே கேட்டு, தாமே பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். போட்டி முடிந்த ஐந்து நாட்களுக்குள் அந்தப் பதிவேட்டை அனுப்ப வேண்டும். பிறகு நடப்பது பாங்க் குமாஸ்தாக்களுக்கு நன்றாகப் புரியும் வேலை. இந்தக் கிளையின் வரவும் அந்தக் கிளையின் பற்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போல, ஒருவருடைய பதிவேட்டை மற்ற எல்லோருடைய பதிவேடுகளுடனும் கம்ப்யூட்டர் வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகாத வரி அடிபடும். ஆகவே இது வேகப் போட்டி போலத் தோன்றினாலும், உள்ளே போய்ப் பார்த்தால் பிழையில்லாமல் பேரேடு எழுதும் போட்டிதான்.

பெங்களூர் அல்சூரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா இதில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் இருக்கிறது. 100 வாட் சக்தியுள்ள பெட்டி இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று சாப்பிடும் மின்சாரம். வீட்டுக்காரரிடம் கெஞ்சி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர்ச் சுவருக்குமாக ஏரியல் கம்பி கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியாயிற்று. 40 மீட்டர் அலைக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நீளக் கம்பி வேண்டும்; அதே கம்பி 15 மீட்டர் அலைக்கும் ஒப்பேறும். 20 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் கம்பி போதும். உயர்ந்த கோபுரமும் சுழலும் ஏரியலும் 1,500 வாட் சக்தியும் வைத்திருக்கிற அமெரிக்கர்களோடும் ஐரோப்பியர்களோடும் இவர் எப்படிப் போட்டி போடுவது? முதலிடம் கிடைக்காதுதான். ஆனால் இவருக்கு வேறொரு அதிர்ஷ்டம் இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

தலைச்சுமையும் கடையும்

இரண்டு விதமாக வியாபாரம் செய்யலாம். ஒன்று, தலைச்சுமை வியாபாரி போலத் தெருத்தெருவாகப் போவது: அலைவரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டு போய், அழைத்துக்கொண்டிருக்கும் நிலையங்களை ஒவ்வொன்றாகப் பிடிப்பது. மற்றொன்று, ஓரிடத்தில் கடை விரித்து உட்கார்ந்து 'டெஸ்ட்' என்ற சொல்லோடு தம் குறியை அனுப்பிக்கொண்டே இருப்பது. வாடிக்கைக்காரர்கள் தேடி வருவார்கள். சிறிய நிலையத்துக்கு முதல் வழியே தொடக்கத்தில் தோது.

தலைச்சுமைக்காரருக்கு முதல் பாடம், வாயைத் திறக்காமல் இருப்பது. எதிரே இருப்பவர் யார் என்று தம் காதாலேயே முழுக் குறியையும் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் அவரை அழைக்கக் கூடாது. புதியவர்கள் செய்யும் தவறே இதுதான். கூட்டம் கூடியிருக்கிறதே, ஏதோ அபூர்வ நாடு போலிருக்கிறதே என்று தாமும் கூச்சல் போடுவார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள், யாரிடம் வாங்கினோம் என்பது மட்டும் தெரியாது! அதன் பிறகு "உன் குறி என்ன?" என்று கேட்டு எல்லோருடைய நேரத்தையும் வீணடிப்பார்கள்.

இரண்டாவது, அழைக்கும்போது தம் குறியை ஒரே ஒருமுறை, முழுதாக அனுப்பிவிட்டு உடனே நிறுத்திக் கேட்க வேண்டும். எதிராளியின் குறியைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. தம் பெயர் அவருக்கே தெரியும். மூன்று தடவை தம் குறியை அனுப்பிக்கொண்டிருப்பவர், அதற்குள் எதிராளி வேறொருவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டதை அறியாமல் நடுவில் குறுக்கிட்டுக் கொண்டிருப்பார்.

மூன்றாவது சற்று நுணுக்கமானது. அழைப்பவர்கள் அத்தனை பேரும் இம்மி பிசகாமல் ஒரே அலை எண்ணில் விழுந்தால் எதிராளியின் காதில் ஒரே சுருதியில் ஓர் இழுப்பாகத்தான் கேட்கும். ஐம்பது, நூறு ஹெர்ட்ஸ் தள்ளி அழைத்தால் சுருதி வேறாகும். கச்சேரியில் சுருதி விலகிய குரல் தனியாகக் காதில் விழுவதில்லையா? அங்கே அது குற்றம். இங்கே அது உத்தி.

வேகத்தையும் சொல்ல வேண்டும். மோர்ஸ் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று கணக்கிடுகிறார்கள். 'பாரிஸ்' என்ற ஊர்ப்பெயர்தான் ஒரு சொல்லின் அளவுகோல். இந்தியாவில் பொது வகுப்பு லைசென்சுக்கு வைக்கப்பட்ட மோர்ஸ் பரீட்சையின் வேகம் நிமிடத்துக்கு 8 சொற்கள். போட்டியில் சர்வ சாதாரணமாக 28, 30 சொற்கள் ஓடும். புதியவர் பயந்துபோக வேண்டியதில்லை. தமக்கு எந்த வேகத்தில் வாங்க முடியுமோ அந்த வேகத்தில் அழைத்தால், நல்ல ஆபரேட்டராக இருப்பவர் தாமும் வேகத்தைக் குறைத்துப் பதில் சொல்வார். எழுத்து போதாது என்பதால் கம்ப்யூட்டரை வைத்து 32 சொல் வேகத்தில் அழைத்துவிட்டு, பதில் 32-இல் வந்ததும் விழிப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

கடை விரிப்பவருக்கும் ஒரு மரியாதை உண்டு. காலியாகத் தெரியும் இடத்தில் உடனே கடையைப் போட்டுவிடக் கூடாது. 'க்யூ.ஆர்.எல்.?' என்று அனுப்பி, இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். ஒருவர் பேசுவது நமக்குக் கேட்கும், அவருக்குப் பதில் சொல்லும் மற்றவர் நமக்குக் கேட்க மாட்டார். சிற்றலையின் குணம் அப்படி. உட்கார்ந்த பிறகு தம் குறியை அடிக்கடி சொல்ல வேண்டும். அவசரத்தில் பத்துப் பேரை முடிக்கும் வரை பெயர்ப் பலகையை மாட்டாமலே வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வாசலில் காத்து நிற்பவர்களின் வயிற்றெரிச்சலைத்தான் அவர்கள் கொட்டிக்கொள்கிறார்கள்.

எல்லோரும் சொல்லும் பொய்

சத்தத்தின் மதிப்பெண்ணுக்கு மூன்று இலக்கங்கள். முதலாவது, எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பது, 5-க்கு. இரண்டாவது சத்தத்தின் பலம், 9-க்கு. மூன்றாவது ஒலியின் தூய்மை, அதுவும் 9-க்கு. 599 என்றால் நூற்றுக்கு நூறு. போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் 599-தான் தருகிறார்கள்! கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போலக் கேட்டாலும், நான்கு தடவை திருப்பிக் கேட்டு வாங்கினாலும் 599. பொய்தான். ஆனால் அது பொய் என்று இரு தரப்புக்கும் தெரியும். கடிதத்தின் தலையில் 'நலம், நலமறிய ஆவல்' எழுதுவது போல.

அந்தப் பொய்யையும் சுருக்கிச் சொல்கிறார்கள். 9 என்பது நான்கு கோடு, ஒரு புள்ளி. அதற்குப் பதில் ஒரு கோடு, ஒரு புள்ளியான 'என்' எழுத்தை அனுப்பி '5 என் என்' என்று முடித்துவிடுகிறார்கள். 0-க்கு 'டி', 1-க்கு 'ஏ'. கணக்குப் பார்த்தால் இது அற்பமில்லை. ஒரு புள்ளியின் நேரத்தை ஓர் அலகாகக் கொண்டால், ஒவ்வொரு 9-இலும் 12 அலகுகள் மிச்சம்; இரண்டு 9-க்கு 24. நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஓர் அலகு ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆக ஒவ்வொரு தொடர்பிலும் கிட்டத்தட்ட ஒரு வினாடி. ஆயிரம் தொடர்பு செய்பவருக்குக் கால் மணி நேரம் கையில் நிற்கும். அந்தக் கால் மணியில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்.

முழுச் சம்பாஷணையும் இப்படித்தான் இருக்கும். கடைக்காரர் 'டெஸ்ட்' என்று சொல்லித் தம் குறியை அனுப்புவார். நம் குமாஸ்தா தம் குறியை ஒருமுறை அனுப்புவார். கடைக்காரர் அந்தக் குறியைத் திருப்பிச் சொல்லி, '5 என் என் 14' என்பார். 14 என்றால் மேற்கு ஐரோப்பா. நம்மவர் '5 என் என் 22' என்பார். கடைக்காரர் நன்றி என்பதற்கு 'டி.யு.' என்று தட்டித் தம் குறியையும் சேர்த்தால் அடுத்தவருக்கு வழி விட்டாயிற்று. பத்துப் பன்னிரண்டு வினாடி வேலை. தம் குறியை அவர் தவறாகச் சொன்னால் மட்டும் எண்ணைக் கொடுப்பதற்கு முன் குறியைத் திரும்ப அனுப்பித் திருத்த வேண்டும். 'போகட்டும், ஓர் எழுத்துதானே' என்று விட்டால் வரி அடிபடும்.

மொய்க்கும் கூட்டம்

அல்சூர்க்காரரின் அதிர்ஷ்டத்துக்கு இப்போது வரலாம். 22-ஆவது மண்டலத்தில் மோர்ஸ் போட்டிக்கு உட்காருகிறவர்கள் மிகக் குறைவு. பெருக்கும் தொகைக்கு ஆறு அலைவரிசையிலும் அந்த மண்டலம் தேவை என்பதால், உலகம் முழுவதும் அதைத் தேடிக்கொண்டிருக்கும். ஞாயிறு பிற்பகல் 15 மீட்டரில் ஐரோப்பா திறந்திருக்கும் நேரம் பார்த்து நம்மவர் துணிந்து கடை விரிக்கிறார். இரண்டு அழைப்புக்கு ஒருவர் வருகிறார். அவர் போவதற்குள் மூன்று பேர். பத்து நிமிடத்தில் இருபது, முப்பது நிலையங்கள் ஒரே சமயத்தில் மேலே விழுகின்றன. ரேஷன் கடைக் கதவு திறந்தது போல.

இப்போதுதான் ஆபரேட்டரின் தரம் தெரியும். கூட்டத்தில் ஒரே ஒரு துண்டு காதில் சிக்கியது என்று வைத்துக்கொள்வோம்: '2' என்ற எண்ணும், 'ஏ' என்ற எழுத்தும். அந்தத் துண்டையே கேள்விக்குறியோடு திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் துண்டு தம் குறியில் உள்ளவர் மட்டும் மறுபடி அழைக்க வேண்டும். மற்றவர்கள் வாய் மூடி நிற்க வேண்டும். நிற்பார்களா? எல்லோரும் நிற்க மாட்டார்கள். சம்பந்தமே இல்லாத ஒருவர் பலத்த சத்தத்தோடு நடுவில் புகுந்து தம் குறியை அனுப்பிக்கொண்டே இருப்பார். அவரைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். அதுதான் கண்ணி. முரட்டுத்தனத்துக்குப் பலன் கிடைக்கிறது என்று கூட்டம் கண்டுகொண்டால் அடுத்த நிமிடம் அத்தனை பேரும் முரடர்கள். '2 ஏ' என்று கேட்டால் அந்த ஆசாமியின் குறி முழுதாகக் கிடைக்கும் வரை அவரோடேயே நிற்க வேண்டும். வரிசையை உடைப்பது பெரும்பாலும் கவுண்டருக்கு வெளியே நிற்பவர் அல்ல, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தடுமாற்றம்தான் என்பது டிக்கெட் கொடுத்துப் பழகிய எவருக்கும் தெரியும்.

ஏற்கெனவே தொடர்பு கொண்டவரே மறுபடி வந்தால் சண்டை போடக் கூடாது. "உன்னை ஏற்கெனவே எழுதியாயிற்று" என்று சொல்லும் நேரத்தில் திரும்பவும் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடலாம். இரட்டைப் பதிவுக்குத் தண்டனை கிடையாது. தவிரவும், முதல் தடவை அவர் நம் குறியைத் தவறாக எழுதியிருக்கலாம். அதனால்தான் மறுபடி வருகிறார்.

'டி.யு.' என்பது கையெழுத்து

இந்த விளையாட்டின் தர்மம் எல்லாம் அந்த இரண்டு எழுத்துகளில்தான் அடங்கியிருக்கிறது. 'டி.யு.' என்று அனுப்பினால், 'உன் குறியை வாங்கினேன், எண்ணை வாங்கினேன், என் பதிவேட்டில் எழுதிவிட்டேன்' என்று பொருள். அதை நம்பி எதிராளி தம் ஏட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

விதி கடுமையானது. ஒருவரின் குறியைத் தவறாக எழுதினால் அந்தத் தொடர்பின் புள்ளிகள் போய்விடும். அத்தோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதம் கழியும். ஐரோப்பியரைச் சரியாக எழுதியிருந்தால் 3 வந்திருக்கும். ஓர் எழுத்து தவறியதால் 3 வராததோடு கையிலிருந்து 6 போகிறது. வித்தியாசம் 9. பெருக்கும் தொகை 100 என்றால் இறுதிக் கணக்கில் 900. எழுதாமலே விட்டிருந்தால் நஷ்டம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே சந்தேகம் வந்தால் 'ஏ.ஜி.என்.?' என்று மறுபடி கேட்க வேண்டும். ஊகித்து எழுதுவது வீண் சூதாட்டம்.

எழுத்துகள் ஏமாற்றும் விதம் வேடிக்கையானது. மூன்று புள்ளி 'எஸ்', நான்கு புள்ளி 'எச்', ஐந்து புள்ளி '5'. மின்சாரக் கம்பியின் கரகரப்பில் ஒரு புள்ளி அமுங்கினால் ஆள் மாறிவிடுவார். 'பி'க்கும் 6-க்கும், 'வி'க்கும் 4-க்கும், 'ஜே'க்கும் 1-க்கும் இதே கதை.

இன்னொரு பக்கமும் உண்டு. குமாஸ்தாவுக்கு எதிராளியின் குறி கடைசி வரை விளங்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு 'டி.யு.' என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஏட்டில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அபராதம் இவருக்கு இல்லை. ஒரு பாவமும் அறியாத எதிராளிக்கு. அவர் எழுதிய வரிக்கு இங்கே ஜோடி வரி இல்லையே! அவருடைய புள்ளியும் போய், இரண்டு மடங்கு அபராதமும் அவர் தலையில் விழும். ஆகவே வாங்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அது அவமானமில்லை. நல்லவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

ஊகத்துக்கு இன்று ஆசை காட்டும் சாதனங்கள் பெருகிவிட்டன. அலைவரிசை முழுவதையும் கேட்டு, மோர்ஸைத் தானே படித்து, இன்னார் இந்த இடத்தில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் திரையில் பட்டியல் போடும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவது குற்றமல்ல, அதற்குத் தனிப் பிரிவு உண்டு. பயன்படுத்திவிட்டு, காதை மட்டும் நம்பியதாகச் சொல்லி மற்றப் பிரிவில் சேருவதுதான் திருட்டு. யந்திரமும் தப்பாகப் படிக்கும். திரையில் தெரிந்த தப்புக் குறியைக் காது கொடுத்துச் சரிபார்க்காமல் நூறு பேர் எழுதி, நூறு பேரும் அபராதம் கட்டுவது உண்டு.

மண்டல எண்ணையும் யந்திரம் முன்கூட்டியே நிரப்பி வைக்கும். அமெரிக்காவுக்கு 3, 4, 5 என்று மூன்று மண்டலங்கள். குறியில் 6 இருந்தால் கலிபோர்னியா, ஆகவே 3 என்று யந்திரம் சொல்லும். ஆனால் அந்த மனிதர் கலிபோர்னியாவை விட்டுக் கிழக்குக் கரைக்குக் குடிபோய் வெகுநாள் ஆகியிருக்கலாம், குறியை மாற்றிக்கொள்ளவில்லை. பம்பாயில் இரண்டு தலைமுறை இருந்தாலும் இனிஷியலில் ஊர்ப்பெயரைச் சுமக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அவர் அனுப்புவது 5. காதில் விழுந்தது 5 என்றால் எழுத வேண்டியதும் 5.

போட்டி முடிந்தபின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோ, பட்டியல்களைப் புரட்டியோ, கடிதம் எழுதிக் கேட்டோ ஏட்டைத் திருத்துவது கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த விநாடியில் காதில் விழுந்ததுதான் கணக்கு. முன்வரிசைக்காரர்கள் தம் ஒலிப்பதிவை நடுவர்களுக்குக் காட்டவும் தயாராக இருக்க வேண்டும். பதிவேடுகளைப் பிறகு எவரும் பார்க்கும்படி வெளியிட்டும் விடுகிறார்கள்.

விளையாட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. போட்டிக் கணக்கில் அந்தமான் தனி நாடு, மண்டலமும் 26. ஹாம்களுக்கு அபூர்வமான இடம். உலகம் முழுவதும் அவர்களை மொய்த்துக்கொண்டிருந்தபோது 26-ஆம் தேதி காலை சுனாமி வந்தது. தொலைபேசி செத்துக்கிடந்த நேரத்தில் அந்த வானொலி வழியாகத்தான் தீவிலிருந்தவர்களைப் பற்றிய தகவல்கள் பெருநிலத்துக்கு வந்தன. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மோர்ஸோ, குரலோ, அத்தகைய நேரத்தில் ஒரு பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக வாங்கி, ஊகித்து எழுதினால் எந்த வீட்டில் அழுகை கிளம்பும் என்று தந்திக் காலத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கற்றுக்கொள்ள வழி

புள்ளி, கோடு என்று அட்டையில் எழுதி மனப்பாடம் செய்தால் நிமிடத்துக்கு எட்டுப் பத்துச் சொல்லோடு வண்டி நின்றுவிடும். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு ஓசையாக, தாளச் சொல் போலக் காதில் ஏற்ற வேண்டும். லுட்விக் காக் என்ற ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் 1930-களில் ஒரு முறை கண்டார்: முதல் நாளிலேயே முழு வேகத்தில் இரண்டே எழுத்துகளைக் கேட்பது, அவை பிழையின்றி வந்த பிறகு மூன்றாவதைச் சேர்ப்பது. தினம் கால் மணி போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதால் பயனில்லை. சம்பாஷணையை விடப் போட்டியே புதியவருக்குச் சுலபம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரியுமே! குறியும் எண்ணும் தவிர வேறில்லை. முதல் ஆண்டு அனுப்பாமல் கேட்டு எழுதிப் பழகினால்கூட நஷ்டமில்லை. அனுப்புவதற்கு லைசென்ஸ் கட்டாயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போட்டியே பிடிக்காத ஹாம்களும் உண்டு. வாரக்கடைசியில் நண்பரோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேச விடமாட்டேன் என்கிறார்களே என்று அவர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்காக 30, 17, 12 மீட்டர் அலைவரிசைகளைப் போட்டிக்காரர்கள் தொடுவதில்லை. அந்த ஒப்பந்தம் ஒழுங்காகவே காப்பாற்றப்பட்டு வருகிறது.

திங்கட்கிழமை விடியல்

சனி காலை சூரியன் உதிக்குமுன் 40 மீட்டரில் ஐரோப்பா. அங்கே இன்னும் நள்ளிரவு. வெயில் ஏறியதும் 15, 10 மீட்டரில் ஜப்பான். ஆனால் அது ஆசியாவே ஆகையால் தலைக்கு ஒரு புள்ளிதான். பிற்பகலில் ஐரோப்பா. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பொழுது விடிகிறது, 20 மீட்டருக்குத் தாவ வேண்டும். சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் 10 மீட்டர் அள்ளிக் கொடுக்கும். குறையும் ஆண்டுகளில் அது ஊமையாகிவிடும். பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று. இரவு மறுபடி 40, 80. தூங்குவதானால் எந்த அலையும் மந்தமாக இருக்கும் நேரம் பார்த்து இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். தூங்காமல் சாதித்தவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். ஞாயிறு பின்னிரவில் அவர்கள் எழுதியதைப் பார்த்தால் தெரியும் சங்கதி.

திங்கள் காலை 5-29. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியாயிற்று. ஆனால் டிட்-டா நிற்காது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதும், பால்காரன் சைக்கிள் மணியும், பஸ்ஸின் ஹார்னும் எழுத்து எழுத்தாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும். ஏட்டை அனுப்பி மாதக்கணக்கில் ஆன பிறகு ஒத்துப்பார்த்த அறிக்கை வரும். இன்னாரைத் தவறாக எழுதினீர், இன்னாருடைய ஏட்டில் நீர் இல்லவே இல்லை என்று வரிவரியாக இருக்கும். அதன் கடைசியில், அல்சூர்க்காரரின் குறியைத் தவறாக எழுதிக்கொண்டவர்களின் பட்டியலும் உண்டு. அதில் பாதிப் பேர் ஒரே எழுத்தில் தவறியிருந்தால், அவர் அடுத்த நவம்பருக்குள் அந்த எழுத்தைத் தாம் தட்டும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கும்.